ஃபியஸ்டாவுக்கு ஈடு: ஒரு பைக்கும் ஓர் ஆல்டோவும்

ஆசையாக வைத்திருந்த காரைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல பைக் ஒன்றையும் விலை குறைந்த சின்னக் கார் ஒன்றையும் கொண்டுவந்து நிறுத்துவதை வெறும் கொடுக்கல் வாங்கலாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குள் ஒரு கோட்பாடு இருக்கிறது. ஓட்டும் இன்பம் வேறு, போய்வரும் தேவை வேறு. இரண்டையும் ஒரே வண்டியிடம் கேட்டால் இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் முழுமையாகக் கிடைக்கும் என்பது அந்தக் கோட்பாடு. கேட்டவுடன் தலையசைக்கத் தோன்றும் வாதம் இது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகத்தோடு அணுக வேண்டியதும்கூட.

பொதுவாகப் பேசினால் எந்த மாற்றமும் நியாயமாகவே தெரியும். ஆகவே ஒரு குறிப்பிட்ட மாற்றை எடுத்துக்கொள்கிறேன். கொடுப்பது 2008ஆம் ஆண்டின் ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். வாங்குவது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 ஒன்றும், இரண்டாம் கையாக ஒரு மாருதி ஆல்டோ 800ம். களம் சென்னை. இந்தத் தேர்வில் உள்நோக்கம் இல்லாமலில்லை. ஃபியஸ்டா மறைமலை நகரில் பிறந்தது; என்ஃபீல்டின் பெரிய தொழிற்சாலைகள் இருப்பது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும். ஒரே தொழிற்பட்டையில் பிறந்த இரண்டு இன்பங்கள். அவற்றில் ஒன்றின் தொழிற்சாலை 2022 ஜூலையில் கடைசி வண்டியை வெளியே அனுப்பியது. மற்றது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில், இழப்பது என்ன என்பதில் தெளிவு வேண்டும். அந்த ஃபியஸ்டாவின் சிறப்பு அதன் 101 குதிரைத்திறன் என்று சொல்பவர்கள் காரை விளம்பரத்தில் மட்டும் பார்த்தவர்கள். ஃபியட் பேலியோ 1.6 கிட்டத்தட்ட அதே பலத்தோடு அதற்கு முன்பே வந்து போய்விட்டது, ஐகான் 1.6 அதே வீட்டிலிருந்து வந்த மூத்த பிள்ளை. ஃபியஸ்டா இவர்களைத் தாண்டியது பலத்தால் அல்ல, இசைவால். ஹைட்ராலிக் ஸ்டியரிங் சாலையின் செய்தியைக் கைக்குச் சேர்க்கும். வளைவில் உடல் சாய்வதற்கும் டயர் பற்றுவதற்கும் நடுவே குழப்பம் இருக்காது. கியர் விழும் இடம் கைக்குத் தெரியும். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே ஆள் எழுதியதுபோல இயைந்திருந்த கார் அந்த விலையில் நம் நாட்டில் அதிகம் வந்ததில்லை. குறைகளும் உண்டு. பின் இருக்கையில் கால் நீட்ட இடம் குறைவு. நகர நெரிசலில் பெட்ரோல் குடிக்கும். உள் பிளாஸ்டிக்குகள் விலைக்கேற்ற தரத்தில்கூட இல்லை. இப்போது புதிதாகச் சேர்ந்தவை வேறு: உதிரி பாகத்துக்குக் காத்திருப்பது, பதினைந்து ஆண்டு முடிந்து எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் கட்டணம், இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்துக்கூடப் பார்க்காமல் வடிவமைக்கப்பட்ட எஞ்சின்.

இவையெல்லாம் விற்பதற்கான காரணங்கள். பைக் வாங்குவதற்கான காரணங்கள் அல்ல. இந்த இரண்டையும் கலந்து பேசுவதுதான் இத்தகைய மாற்றுகளில் முதல் முறைப்பிழை. கார் கிழடாகிவிட்டது என்பது இன்னொரு கார் வாங்குவதற்கும் அதே அளவு நல்ல காரணம்.

பைக்கின் தரப்பை அதன் சொந்த வலுவில் கேட்போம். இன்டர்செப்டர் 648 சிசி, 47 குதிரைத்திறன், 202 கிலோ. ஃபியஸ்டாவின் பலத்தில் பாதிக்கும் குறைவு. எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எடைக்கு இருக்கும் பலத்தைக் கணக்கிட்டால் கார் அருகில்கூட வராது. ஆனால் நான் மதிப்பெண் கொடுப்பது வேறொன்றுக்கு. இதன் சட்டகத்தை வடிவமைத்தது பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ். அந்தக் கை தெரிகிறது. இவ்வளவு கனமான வண்டி வளைவில் இறங்கும்போது தயங்குவதில்லை, நடுவில் மனம் மாறுவதில்லை. இரட்டை சிலிண்டர் தாழ்ந்த வேகத்திலேயே தாராளமாக இழுக்கிறது. ஆறு கியர்களையும் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபியஸ்டாவின் இன்பம் துல்லியத்தின் இன்பம் என்றால், அதே வகை இன்பத்துக்கு நேர்மையான வாரிசு இது. வெறும் வேகத்துக்காக வேறு பைக்கை எடுத்திருந்தால் ஈடு என்ற சொல்லே பொருந்தாது. இந்த அளவில் தேர்வு நுட்பமானது. தேர்ந்தவர் தன் ரசனையை அறிந்தவர்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. காற்றும் எண்ணெயும் குளிர்விக்கும் எஞ்சின் மே மாதச் சென்னையில் சிக்னலில் நிற்கும்போது முழங்காலுக்குக் கணப்பு வைக்கிறது. 13.7 லிட்டர் டாங்கி நீண்ட பயணத்தில் பெட்ரோல் பங்க்கைத் தேட வைக்கிறது. வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் இதை வீட்டிலேயே கட்டிப்போடும்.

பணக் கணக்கு விரைவாக முடிந்துவிடும், ஒரு வியப்போடு. காரை விற்ற பணத்தில் பைக் வராது. பதினைந்து வயது கடந்த ஃபியஸ்டாவுக்குச் சந்தை என்ன கொடுக்கும் என்று இதைப் படிக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாற்று என்று பெயர் சொன்னாலும் இது பெரும்பகுதி புதுச் செலவுதான். வியப்பு இன்சூரன்ஸில் இருக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட தேர்ட் பார்ட்டி கட்டண விகிதத்தில், வரி நீங்கலாக, 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு ஆண்டுக்கு 7,897 ரூபாய். ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094; 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 2,804. கூட்டினால் 4,898. இரண்டு வண்டிகள் ஒரு வண்டியைவிட மலிவு. அந்த இரண்டிலும் கார் பைக்கைவிட மலிவு. வரி விதிப்பவரின் பார்வையும் இதே திசைதான்: 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, 350 சிசி தாண்டிய பைக்குக்கு 40. எது தேவை, எது ஆடம்பரம் என்று அரசே பிரித்து வைத்துவிட்டது. இந்த மாற்றின் கோட்பாடும் அதே பிரிவினையைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பிரிவினை காகிதத்தில் சரி. வீட்டில் என்ன நடக்கிறது?

திட்டப்படி, ஆல்டோ அலுவலகத்துக்கும் கடைக்கும் பள்ளிக்கும். பைக் ஞாயிறு விடியலில் ஈசிஆர் கடற்கரைச் சாலைக்கும், மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் மலைக்கும். சில மாதங்கள் அப்படித்தான் ஓடும். பிறகு கிண்டி, வேளச்சேரி நெரிசல் தன் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கும். காலை ஒன்பது மணிக்கு ஆல்டோவில் ஊர்வதைவிட பைக்கில் இடுக்கில் நுழைந்து போவது வேகம். போய்ச் சேர்ந்த இடத்தில் காருக்கு நிறுத்த இடம் இருக்காது, பைக்குக்கு இருக்கும். அதனால் 202 கிலோ எடையும் ஹாரிஸ் சட்டகமும் கொண்ட வண்டி தினமும் முதல் இரண்டு கியர்களில் அலுவலகம் போகிறது. மலைக்கோ? மலைக்கு யாரும் தனியாகப் போவதில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், சில சமயம் பாட்டி, கூடவே மூட்டை முடிச்சுகள். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஆல்டோ, ஏசியை அணைத்துவிட்டு, முதல் கியரில். இன்பத்துக்கு வாங்கியது தேவைக்கும், தேவைக்கு வாங்கியது இன்பத்துக்கும் இடம் மாறிவிடுகின்றன.

இந்தத் தலைகீழ் மாற்றம் ஏதோ ஒரு வீட்டின் விபத்து அல்ல. கோட்பாட்டிலேயே இருக்கும் பிழையின் விளைவு. அது வண்டியின் இயல்பை வைத்து வேலையைப் பிரித்தது. கூட வருகிறவர்களை வைத்துப் பிரித்திருக்க வேண்டும். ஃபியஸ்டா தந்த இன்பம் ஓட்டுநருடையது மட்டுமல்ல. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்க, பக்கத்தில் பேச்சு நிற்காமல் போக, கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் ஒருவர் அமைதியாக ரசித்துக்கொண்டே ஏற முடிந்தது. இன்பமும் தேவையும் ஒரே பயணத்தில் நிகழ்ந்தன. யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காரின் உண்மையான சாதனை இந்த ஒன்றுசேர்ப்புதான். மாற்று ஏற்பாடு முதலில் வெட்டி எறிவதும் அதையேதான். அரைகுறை இரண்டு என்று கோட்பாடு சொன்னது, பார்க்கப்போனால், முழுமையான ஒன்று.

தனியாக வாழ்பவருக்கு, அல்லது துணைக்கும் பைக்கில் உண்மையான விருப்பம் இருக்கும் இருவருக்கு, இந்த ஆட்சேபம் முக்கால்வாசி கரைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். விருப்பம் என்றால் சகிப்பு அல்ல. இரண்டுக்கும் வேறுபாடு நூறாவது கிலோமீட்டரில் தெரியும்.

இப்போது ஆல்டோ. இந்த மாற்றைப் பற்றிப் பேசும் எல்லோரும் பைக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆல்டோவை ஒரு வாக்கியத்தில் முடிப்பார்கள். மிச்சமிருந்த பணத்துக்கு வந்தது, ஓடுகிறது, கீறல் பட்டால் கவலையில்லை. கவலையின்மை என்பது உண்மையான நிறைதான். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திய ஊர் இது. அந்தப் பதற்றம் இல்லாமல் ஒரு காரை வைத்திருப்பதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். 4.6 மீட்டர் ஆரத்தில் திரும்பும் வண்டி மாம்பலத்துச் சந்துகளில் ஃபியஸ்டாவை வெட்கப்பட வைக்கும். எந்த ஊரின் எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு சரிசெய்வார். 796 சிசி எஞ்சின் மாருதி 800 காலத்திலிருந்து வந்த பரம்பரை. அதன் நம்பகம் விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

ஆனால் இதன் பலம் ஏறக்குறைய 47 குதிரைத்திறன். பைக்கின் பலமும் அதுவே. ஒன்று ஒருவரைச் சுமக்கிறது. மற்றது ஐந்து பேரையும் ஏசியையும். இரண்டையும் கூட்டினாலும் ஃபியஸ்டாவின் 101 வராது என்பது சிரிக்க வைக்கும் உண்மை. அதைவிடக் கனமான குறை பாதுகாப்பு. 2014இல் மோதல் சோதனை அமைப்பான குளோபல் என்கேப் சோதித்த, ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800 பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த ஆல்டோவில் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் வந்தன. கூடு அதே குடும்பத்துக் கூடுதான். இரண்டாம் கையில் வாங்குபவர் பெரும்பாலும் விலையைப் பார்த்து 2019க்கு முந்தையதைத்தான் எடுப்பார். எத்தனால் பிரச்சினையிலும் ஆல்டோ விதிவிலக்கல்ல. ஃபியஸ்டாவை விற்கச் சொன்ன அந்த வாதத்தை இதன் மேலும் திருப்பலாம்.

பைக்கின் தரப்பில் பாதுகாப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. சொல்லாமல் விட்டால் மதிப்பீடு பொய்யாகிவிடும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 விழுக்காடு இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இன்டர்செப்டரின் இரு சக்கரங்களிலும் ஏபிஎஸ் உண்டு, நல்ல ஹெல்மெட்டும் கவசச் சட்டையும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில் எதிர்த்திசையில் வரும் மினி வேனுக்கு அவை எதுவும் தெரியாது. ஞாயிறு விடியலில் மட்டும் ஓட்டுபவர் ஏற்கும் ஆபத்து ஓர் அளவு. நெரிசலால் தினமும் ஓட்டத் தள்ளப்படுபவர் ஏற்பது இன்னோர் அளவு. மேலே சொன்ன இடமாற்றம் ஆபத்தையும் கூடவே இழுத்து வருகிறது. குடும்பத்தைச் சுமக்கும் பங்கு பலவீனமான கூட்டுக்கும், நெரிசலைச் சுமக்கும் பங்கு கூடே இல்லாத வண்டிக்கும் போய்ச் சேர்கிறது. ஏற்பாட்டின் மிக மோசமான முகம் இதுதான்.

இருந்தும் கோட்பாட்டை நான் நிராகரிக்கவில்லை. அதைச் செயல்படுத்திய விகிதத்தை நிராகரிக்கிறேன். ஆராய்ச்சி முழுதும் பைக்குக்குப் போனது. சின்னக் காருக்கு மிச்சம் போனது. ஆனால் ஏற்பாடு வீட்டில் நிலைப்பதும் கலைவதும் அந்தச் சின்னக் காரைப் பொறுத்தே. ஆல்டோவின் இடத்தில் 2019க்குப் பிந்தைய வேகன்ஆர் 1.0 வந்தால் 998 சிசி, அதே 2,094 ரூபாய் இன்சூரன்ஸ் அடுக்கு, இருபது குதிரைத்திறன் கூடுதல், பாட்டி குனியாமல் ஏறும் உயரம். அந்த ஆண்டுச் சோதனையில் அது பெற்ற இரண்டு நட்சத்திரம் பெருமைப்பட ஏதுமில்லை, ஆனால் பூஜ்யம் இல்லை. விலை வித்தியாசத்தைப் பைக்கின் பக்கத்திலிருந்து எடுக்கலாம். புது இன்டர்செப்டருக்குப் பதில் பயன்படுத்திய ஒன்று போதும், சட்டகம் அதேதான். இன்னும் மேலே போய் ஸ்விஃப்ட் வாங்கலாமே என்று ஒருவர் கேட்பார். வாங்கலாம், அப்போது இன்பமும் தேவையும் மறுபடி ஒரே வண்டிக்குள் வந்துவிடுகின்றன, பைக்குக்கு வேலை இல்லை, அதற்கு ஃபியஸ்டாவுக்கே ஒரு நல்ல மெக்கானிக்கைத் தேடியிருக்கலாம்.

ஆகவே எடுத்துக்கொண்ட மாதிரிக்கு, அதாவது ஃபியஸ்டாவுக்கு ஈடாகப் புது இன்டர்செப்டரும் பழைய ஆல்டோவும் என்ற வடிவத்துக்கு, குடும்பஸ்தருக்கு என் தீர்ப்பு எதிர்ப்பு. தனியாளுக்கு, ஆல்டோ 2019க்குப் பிந்தையது என்ற ஒரு நிபந்தனையோடு, ஆதரவு. வேகன்ஆரும் பழைய இன்டர்செப்டருமாக விகிதம் மாறினால் குடும்பஸ்தருக்கும் ஆதரவு; அலுவலகம் மெட்ரோ ரயில் போகும் பாதையில் இருந்தால் தயக்கமே இல்லாத ஆதரவு, ஏனெனில் அப்போது பைக் ஞாயிற்றுக்கிழமைக்கே மிஞ்சும்.