அசையாத அணுவின் ஆட்டம்

ஐபிஎம் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘எ பாய் அண்ட் ஹிஸ் ஆட்டம்’ ஒன்றரை நிமிடப் படம். சிறுவன் ஒருவன் ஓர் அணுவோடு பந்து விளையாடுகிறான், ஆடுகிறான், துள்ளுகிறான், கதை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறுவன், கலிஃபோர்னியாவின் அல்மடேன் ஆய்வகத்தில் செப்புப் பரப்பின்மேல் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி அடுக்கிய உருவம். இப்படி 242 சட்டகங்கள். நானோ அறிவியல் படங்கள் பலவும் கணினியில் வரைந்த வண்ண உருண்டைகளைச் சுழலவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே சொல்ல வந்த பொருளாலேயே படமும் ஆகியிருக்கிறது. கலைஞருக்குக் கிடைத்தவை கொஞ்சம் புள்ளிகள். அவற்றையும் செப்பு அணுக்களின் வரிசை இடம் கொடுக்கும் இடத்தில்தான் வைக்க முடியும். கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு ஓடும், இதில் புள்ளியேதான் கோடு. அந்தக் கட்டுக்குள் நின்று ஒரு சிறுவனைத் துள்ளவைத்தது கலையின் வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை.

அறிவியல் வென்றதா என்பதில்தான் ஐயம். அந்த மூலக்கூறுகள் வைத்த இடத்தில் நிற்பதற்காக, அவற்றை நகர்த்திய கருவியை மைனஸ் 268 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்திருந்தார்கள். அறை வெப்பத்தில் அவை அப்படி நிற்கா. ஆக, இதில் வியப்புக்குரியது அசைவின்மை. படமோ துள்ளலைக் காட்டுகிறது. பார்ப்பவர் மனத்தில் அணு ஒரு குறும்புக்காரப் பந்தாகத் தங்கிவிடும். புள்ளிகளைச் சுற்றி மெல்லிய வளையங்கள் தெரிகின்றனவே, அவை செப்பின் மேற்பரப்பு எலெக்ட்ரான்கள் மூலக்கூறில் மோதிச் சிதறும் அலைகள். எலெக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நேரான காட்சி அரிது. படத்தில் அது குளத்து அலைபோல வெறும் பின்னணி.

ஒன்றரை நிமிடத்தில் குவாண்டம் பாடம் நடத்த முடியுமா, ஆவலைத் தூண்டினால் போதாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆவல் எதன்மேல்? உலகின் மிகச்சிறிய ஸ்டாப்-மோஷன் படம் என்ற கின்னஸ் சாதனையின்மேல் என்றால், அது நல்ல விளம்பரம். அறிவியலின்மேல் என்றால் வேறொன்று இருக்கிறது: ஐபிஎம் இதை எடுத்த விதத்தைச் சொல்லும் சிறு படத்தையும் வெளியிட்டது. மூலக்கூறுகளை நகர்த்திய அந்தக் கருவியான ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கி ஒளியால் பார்ப்பதில்லை. ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே கசியும் மின்னோட்டத்தைக் கொண்டு தடவி அறிகிறது. மூலக்கூறு எத்தனை இடம் நகர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் கருவி எழுப்பும் ஓசையைக் கேட்டுக் கணிக்கிறார்கள். அணுவைக் காதால் பின்தொடர்வது! ஒரு திரைக் கலைஞர் விடக்கூடாத காட்சி அது. முதன்மைப் படத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. அங்கே ஒலிப்பது துள்ளலான இசை.

படம் எடுத்த கதையை முதலில் பாருங்கள். சிறுவனைப் பிறகு பார்க்கலாம்.