பேய் பிடித்த ஆலையும் விரிசல் விட்ட சுவரும்

1978இல் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், சுங்கை வே தடையற்ற வர்த்தக வலயத்தில் இயங்கிய ஓர் அமெரிக்க மின்னணு ஆலையில் சுமார் 120 பெண்களுக்குப் பேய் பிடித்தது. எல்லோரும் நுண்ணோக்கியில் கண் பதித்து வேலை செய்தவர்கள். ஆலையை மூன்று நாள் மூட வேண்டியதாயிற்று. போமோ எனப்படும் மந்திரவாதியை நிர்வாகமே அழைத்துவந்து, ஆலை வளாகத்தில் ஆடு வெட்டிப் பலி கொடுத்தது.

மானுடவியலாளர் ஐவா ஓங் இத்தகைய நிகழ்வுகளை ஆராய்ந்து 1987இல் 'ஸ்பிரிட்ஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ் அண்ட் கேப்பிடலிஸ்ட் டிசிப்ளின்' என்ற நூலை எழுதினார். பெண்ணியவாதிகள் உழைப்பைப் பற்றிப் பேசும் இடங்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூல் அது. கிராமத்திலிருந்து வந்த இளம் மலாய்ப் பெண்கள். கழிப்பறைக்குப் போகவும் ஆண் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டிய வேலை. பேய் தென்பட்ட இடங்களும் கழிப்பறையும் நுண்ணோக்கியும்தான். நிர்வாகமோ இதற்கு 'ஹிஸ்டீரியா' என்று பெயரிட்டு, மயக்க மருந்து கொடுத்தது. மீண்டும் மீண்டும் பேய் பிடித்தவர்களை வேலையைவிட்டு நீக்கியது. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வேலையில் இருக்கும் குறையைப் பெண்ணின் உடலில் இருக்கும் குறையாக மாற்றிவிட அந்த ஒரு சொல் போதும்.

பேய் பிடித்தலில் அச்சம், எதிர்ப்பு இரண்டும் இருந்தன என்கிறார் ஓங். அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நூலின் தலைப்பிலும் எதிர்ப்பு இருக்கிறது, அச்சம் இல்லை. எனக்கு இங்கேதான் மனத்தடை. நம் ஊரிலும் பேய் பிடித்த பெண் கணவனையும் மாமியாரையும் வாய்க்கு வந்தபடி ஏச முடியும். பேய் இறங்கிய மறுநாள் அதே அடுப்படிக்குத்தான் திரும்புகிறாள். அதைக் கலகம் என்று நாம் கொண்டாடும்போது அவள் எதற்குப் பயந்தாள் என்ற கேள்வி நழுவிப்போகிறது. ஆடு வெட்டிய நிர்வாகமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மின்னணுத் துறையில் தொழிற்சங்கம் அமைக்க மலேசிய அரசு அப்போது இடம் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பெண்களின் அச்சத்துக்குப் பேயைத் தவிர வேறு முகவரி இருக்கவில்லை.

அப்படியானால், அச்சத்தைப் பேயின் வாயால் அல்லாமல் நேரடியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா? வங்கதேசத்தின் சாவரில் அது நடந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே ஐந்து ஆயத்த ஆடை ஆலைகள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். மறுநாள் காலை உள்ளே போகத் தயங்கி வாசலில் நின்றார்கள். சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாகத் தப்பியவர்கள் பின்னர் சொன்னார்கள். உள்ளே போனார்கள். கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அந்த அச்சத்தில் பேயும் இல்லை, புதிரும் இல்லை. சுவரைக் கண்ணால் பார்த்த அறிவு அது. வங்கி ஊழியருக்கு அதே அறிவு விடுமுறையானது, தையல்காரிக்கு மட்டும் வேலைக்கு வராமல் இருக்கச் சொல்லும் சாக்கானது. அந்த ஐந்து ஆலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் இல்லை. 'பெண்கள் வாய் திறக்க வேண்டும்' என்று மேடைதோறும் சொல்கிறோம். சாவரில் அவர்கள் வாசலில் நின்று வேண்டிய மட்டும் சொன்னார்கள். மறுத்தால் சோறு போகாது என்ற உறுதிதான் அவர்களிடம் இல்லை.

அந்த உறுதிக்கு ஒரு வடிவம் நம் பக்கத்திலேயே உருவானது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில், ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிலாளர்களிடையே இருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று, பாலியல் தொல்லையையும் சாதி இழிவையும் கவனித்துப் புகார் சொன்னார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது அதன் விதி. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆடை வாங்கும் நிறுவனங்கள் அதன்மீது நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டிருந்தன.

ஒரு பெண் உயிரை விட்ட பிறகே இது வந்தது. அதை மறந்துவிட்டு இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும், ஓங்கின் நூலை இன்று படிப்பவர்கள் இந்த ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன். 'அந்த ஆள் பார்ப்பது சரியில்லை, இரவு ஷிப்டில் அவனோடு தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது' என்று ஒருத்தி பக்கத்து மெஷின்காரியிடம் சொல்கிறாள். அது அங்கேயே அடங்கிப்போகாமல் எழுத்தில் ஏறி, ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய புகாராக மாறுகிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.