கவுண்டிக்கு ஓர் எண் போதுமா?

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. நம் ஊர் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு அது. இயற்கைப் பேரிடர் எந்தக் கவுண்டியை எவ்வளவு பாதிக்கக்கூடும் என்பதை ஒரே அளவுகோலில் சொல்ல வந்ததே தேசிய இடர்க் குறியீடு. அந்நாட்டின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா 2021இல் இதை முழுமையாக வெளியிட்டது.

கணக்கு எளிமையானது. நிலநடுக்கம், சூறாவளி, காட்டுத்தீ, வெப்ப அலை என 18 வகைப் பேரிடர்களால் ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு இழப்பு நேரும் என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். மக்களின் சமூக நலிவு கூடினால் அந்த மதிப்பு உயரும். மீண்டெழும் வலிமை கூடினால் இறங்கும். இதன் பெரிய சிறப்பு இதுதான். காற்றின் வேகத்தையும் ஆற்றின் மட்டத்தையும் மட்டும் பார்த்துவந்த ஆய்வு, அந்தக் காற்றில் நிற்கும் மனிதரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தனியே ஆய்வு நடத்த வசதியில்லாத சிறு கவுண்டிக்கும் இந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, சராசரி. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டி கேரளத்தைவிடப் பரப்பில் பெரியது. பனி விழும் மலை, பாலைவனம், நெருக்கமான நகரம் மூன்றும் அதற்குள் அடங்கும். மலையடிவாரக் காட்டுத்தீயும் பாலைவன வெப்பமும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால், இரண்டு இடத்தாருக்கும் அந்த எண் உதவாது. கணக்கெடுப்பு வட்டார அளவிலும் இதே குறியீடு கிடைக்கிறது என்பது ஆறுதல். 2022இல் வந்த சட்டத்தின்படி, மறு ஆண்டு முதற்கட்டமாக 483 வட்டாரங்கள் சிறப்பு உதவிக்குத் தேர்வாயின. நிதி ஒதுக்கீடு செல்லவேண்டிய திசை இதுவே.

இரண்டாவது, டாலர். 2023ஆம் ஆண்டுப் பதிப்பு ஓர் உயிரை 1.16 கோடி டாலராக மதிப்பிட்டது. உயிரைக் கணக்கில் சேர்க்க வேறு வழி எளிதில்லை என்பதை ஏற்கலாம். ஆனால் மொத்த இழப்பை வைத்து வரிசைப்படுத்தும்போது, ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் முன்னே வருகிறது. பாதி ஊரையே இழக்கக்கூடிய சிற்றூர்க் கவுண்டி பட்டியலின் அடியில் கிடக்கிறது. எவ்வளவு போகும் என்பதோடு, இருப்பதில் எத்தனை பங்கு போகும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்றாவது குறையே என்னை அதிகம் உறுத்துகிறது. குக் கவுண்டியில் உள்ள சிகாகோவில் 1995 ஜூலை வெப்ப அலைக்கு 700க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் ஒப்பிட்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் இரண்டிலும் ஏழை முதியோரும் தனித்து வாழும் முதியோரும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தார்கள். இறப்பு வீதமோ வடக்கில் ஏறக்குறைய பத்து மடங்கு. வடக்கில் கடைகள் மூடிக்கிடந்தன, மனைகள் வெறிச்சோடியிருந்தன. முதியவர்கள் பயந்து கதவைத் தாழிட்டு உள்ளேயே இருந்தார்கள். தெற்கின் தெருக்களில் கடையும் கூட்டமும் இருந்ததால் முதியவர்கள் வெளியே வந்தார்கள், குளிரூட்டிய கடைகளில் ஒதுங்கினார்கள். வயதும் வருமானமும் தரவில் ஏறும். ஒரு தெரு தன் முதியவரை வெளியே வரவிடுகிறதா என்பது அதில் எளிதில் ஏறாது.

ஆகவே குறியீட்டைத் தூக்கி எறிய வேண்டும் என்பதல்ல என் வாதம். எந்தக் கவுண்டியை முதலில் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லாது. சிகாகோ அந்த இரண்டாவது வேலையைக் கற்றுக்கொண்டது. 1999இல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது, தனித்திருக்கும் முதியவர்களை நகர நிர்வாகம் தேடிச் சென்றது. வெப்பம் முன்னதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் இறப்பு நூற்றுச் சொச்சமாக இறங்கியதில், தட்டப்பட்ட அந்தக் கதவுகளுக்கும் பங்குண்டு.