வெகுளியின் களன்: நடிகர் பயிற்சியும் இனவெறியும்

முன்னுரை

நடிகர் தம் சொந்த நினைவிலிருந்து உணர்ச்சியை எழுப்ப வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டு நடிப்புப் பயிற்சியில் பெருஞ்செல்வாக்குப் பெற்ற கொள்கை. இனவெறியை மேடையில் நிகழ்த்த நேரும்போது அக்கொள்கை எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒத்தெல்லோவின் முகம்

ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் ‘ஆன் ஆக்டர் பிரிபேர்ஸ்’ 1936இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் மாணவன் கோஸ்த்யா, ஒத்தெல்லோ வேடத்திற்காகச் சாக்லேட்டையும் வெண்ணெயையும் குழைத்து முகத்தில் பூசிக்கொள்கிறான், பல்லைக் காட்டுகிறான், விலங்கெனப் பாய்கிறான். ஆசிரியர் தோர்த்சோவ் இதனைப் பொதுப்படையான ‘காட்டுமிராண்டி’ உருவத்தின் போலி எனக் கண்டிக்கிறார். ஆயினும் அக்கண்டனம் கலைக்குறை பற்றியதே. கறுப்பு மனிதன் என்றவுடன் அவ்வுருவமே மாணவனுக்கு முதலில் தோன்றியது ஏன் என்னும் வினா அங்கு எழவில்லை. இத்தனைக்கும் ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்னும் கறுப்பின நடிகர் 1858இலேயே புனித பீட்டர்ஸ்பர்க்கில் ஒத்தெல்லோவாக நடித்திருந்தார். மாற்று முன்மாதிரி ரஷ்ய மேடைக்குப் புதிதன்று.

நினைவும் சூழலும்

அமெரிக்காவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் உணர்ச்சி நினைவைப் பயிற்சியின் மையமாக்கினார். 1934இல் பாரிசில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியைச் சந்தித்துத் திரும்பிய ஸ்டெல்லா அட்லரோ, நாடகம் தரும் சூழலும் செயலும் கற்பனையுமே முதன்மையானவை என வாதிட்டார். இக்கருத்து வேறுபாடு பெரிதும் நடிப்பு நுட்பம் சார்ந்ததாகவே பேசப்படுகிறது. இனவெறிக் காட்சியில் அது அறம் சார்ந்ததாகிறது. தாம் பட்ட அவமானத்தை நினைவுகூருமாறு கறுப்பின மாணவரைப் பணிப்பது, அவருடைய காயத்தை வகுப்பறையின் மூலப்பொருளாக்குவதாகும். இழிசொல் பேசும் பாத்திரத்தை ஏற்கும் வெள்ளையின மாணவருக்கு அதே பயிற்சி வேறோர் இடரைத் தருகிறது. அவ்வெறுப்பின் சுவடு தம்முள்ளும் இருக்கக்கூடும் என்று அஞ்சி, அவர் பாத்திரத்தைக் கேலிச்சித்திரமாக்கித் தப்பிக்க முனையலாம்.

மெய்ப்பாட்டு நோக்கு

இங்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒரு தெளிவைத் தருகிறது. வெகுளிக்கு அது கூறும் களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கு. இந்நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகள். வெகுளி உள்ளத்தில் பிறப்பினும் அதன் காரணம் புறத்தே உள்ளது. அமெரிக்க அடிமை முறையில் நிகழ்ந்த உறுப்புச் சிதைப்பு, குடும்பங்களைப் பிரித்து விற்றல், கசையடி, அதன் பின்னரும் தொடர்ந்த கும்பல் கொலைகள் ஆகியவற்றை இந்நான்கனுள் அடக்கிக் காணலாம்.

முடிவுரை

ஆகவே பயிற்சி, மாணவரின் தனிப்பட்ட காயத்திலிருந்து தொடங்காமல், அக்காயத்தை உண்டாக்கிய வரலாற்றிலிருந்து தொடங்குதல் தகும். ஆகஸ்ட் வில்சன் 1996இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரையில், நிறம் பாராது நடிகரைத் தெரிவு செய்யும் முறையை மறுத்தார். 2017இல் வெளிவந்த ‘பிளாக் ஆக்டிங் மெத்தட்ஸ்’ தொகுப்பு, கறுப்பினப் பண்பாட்டை அடித்தளமாகக் கொண்ட பயிற்சி முறைகளை முன்வைத்தது. வரலாற்றை ஒதுக்கிவிட்டு உணர்ச்சியை மட்டும் கோரும் பயிற்சியின் போதாமையை இவை உணர்த்துகின்றன. உணர்ச்சி நினைவை முற்றாக விலக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. களனை அறிந்த நடிகரால் தம் காயத்தைத் திறக்காமலும் வெகுளியை நிகழ்த்த இயலும்; திறப்பதா வேண்டாவா என முடிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது.