துண்டிப்புக்குப் பிறகு என்ன பதில்?

நல்லம்பள்ளி வாரச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் யு.பி.ஐ.யில் பணம் அனுப்புகிறார். பின் எண்ணைப் போட்டதும் சிக்னல் போய்விடுகிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடந்தது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். கோரிக்கை வங்கிக்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். அல்லது கோரிக்கை போய்ப் பணமும் கைமாறி, ‘முடிந்தது’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியவரின் போனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த நிலையை நிரலாளர்கள் சமாளிக்கும் வழிகள் நான்கு. அவற்றில் எது உரசிப் பார்த்தால் நிற்கிறது?

முதல் வழி, எல்லாவற்றையும் டி.சி.பி. பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. 1981-இல் வரையறுக்கப்பட்ட இந்த நெறிமுறை, உயிரோடுள்ள இணைப்பில் தொலைந்த பொட்டலத்தை மறுபடி அனுப்பி வரிசை குலையாமல் சேர்ப்பதில் இன்றும் குறையில்லாதது. இணைப்பே செத்துவிட்டால் கதை வேறு. நிரல் தரவை அனுப்பச் சொன்னதும் ‘சரி’ என்று பதில் வரும்; தரவு தன் இயங்குதளத்தின் நினைவகத்துக்குப் போனது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. லினக்ஸின் இயல்பு அமைப்பில், ஒப்புதல் வராத தரவை 15 முறை மறுபடி அனுப்பிப் பார்த்துக் கைவிடச் சுமார் 924 விநாடிகள், அதாவது கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சும்மா கிடக்கும் இணைப்பைச் சோதிக்கும் ‘கீப் அலைவ்’ வசதி நிரல் கேட்டால்தான் இயங்கும். கேட்டாலும் முதல் சோதனை 7200 விநாடிகள் கழித்துத்தான். ஆட்டுக்காரர் அதுவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்.

இரண்டாவது வழி, நிரலே கெடு வைப்பது: சில விநாடிக்கு ஒரு முறை ‘இருக்கிறாயா’ என்று கேட்டு, பதில் வராவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கொள்வது. இது முதல் வழியைவிட மேல். துண்டிப்பைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. ஆனால் கூட்டம் மிகுந்த இடத்தில் இணைப்பு சாவதைவிடத் தவழ்வதே அதிகம். கெடுவைக் குறைத்தால் தவழ்கிற இணைப்பையும் பிணமாக எண்ணிவிடும். கெடுவைச் சரியாகவே வைத்தாலும், இணைப்பு போனது தெரியுமே தவிரக் கடைசியாக அனுப்பிய கோரிக்கையின் கதி தெரியாது. இது நிரலாளரின் திறமைக்குறை இல்லை. செய்தி தொலையக்கூடிய வழியில், எத்தனை ஒப்புதல்களை மாற்றிக்கொண்டாலும் இரு தரப்புக்கும் ஒருசேர உறுதி கிடைக்காது என்பதை அக்கோயுன்லு, ஏகநாதம், ஹியூபர் ஆகியோர் 1975-லேயே எடுத்துக்காட்டினர். ‘இரு தளபதிகள் சிக்கல்’ என்று கணினித் துறையினர் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வழி, மறுபடி முயல்வது. எழுதுவதற்குச் சுலபம், விளைவில் ஆபத்து. பதில் மட்டும் தொலைந்திருந்த இடத்தில் இது பணத்தை இரண்டு முறை அனுப்பிவிடும். பணத்தை மறுபடி அனுப்பாமல், முந்தையதன் நிலையைக் கேட்பது மட்டும்தானே, அதில் என்ன நட்டம் என்றும் இருந்துவிட முடியாது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யு.பி.ஐ. தடுமாறியதற்கு, வங்கிகள் பரிவர்த்தனை நிலையைக் கேட்டு அனுப்பிய கோரிக்கைகள் வெள்ளமாக வந்ததே காரணம் என்று யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. கண்டது. அதன்பின், முதல் விசாரிப்புக்கு முன் 90 விநாடி பொறுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக்கூடாது என்ற வகையில் கட்டுப்பாடு வந்தது. இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி, அதில் கொஞ்சம் தற்செயலையும் கலக்காத மறுமுயற்சி, தானே தாக்குதலாகிவிடும்.

நான்காவது வழி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண். அனுப்புவதற்கு முன்பே அதை உருவாக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண். சேவையகம் பணத்தைக் கழிப்பதையும் எண்ணைப் பதிவதையும் ஒரே பரிவர்த்தனையாகச் செய்தால், மறுமுறை வரும் கோரிக்கைக்குப் பழைய பதிலையே திருப்பித் தந்துவிடலாம். யு.பி.ஐ.யும் பரிவர்த்தனைக்கு ஓர் எண் தருகிறது. அதை வைத்துத்தான் நிலையை விசாரிக்கிறது. அடிப்படை வடிவம் சரியானதே.

ஓட்டை மனிதர் இருக்கும் முனையில் இருக்கிறது. பொறுமையிழந்து செயலியை மூடிவிட்டு மறுபடி பணம் போட்டால் புது எண் பிறக்கும். சேவையகத்துக்கு அது வேறொரு பரிவர்த்தனை. ஆகவே திரை ‘வெற்றி’, ‘தோல்வி’ இரண்டோடு நின்றால் அது பொய் சொல்கிறது. ‘இன்னும் தெரியவில்லை, மறுபடி அனுப்பாதீர்கள்’ என்ற மூன்றாவது பதிலும் வேண்டும். கடைகளில் தொகையைச் சொல்லும் ஒலிப்பெட்டி பயன்படுவதும் இதனால்தான்: அது தனி சிம்மில் இயங்குவதால், வாங்குகிறவர் போன் ஊமையாகிவிட்டாலும் பணம் வந்த செய்தி வேறு வழியில் வந்துவிடுகிறது.

எண்ணும் விசாரிப்பும் தோற்றால் இழப்பை யார் சுமப்பது? ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்த பணம் பெறுபவருக்குச் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்கு உறுதிச்செய்தி போகாவிட்டால் 5 நாளுக்குள்ளும் திரும்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தொப்பூரை ஒட்டிய பாளையம் போன்ற சுங்கச்சாவடிகளுக்கு விதி வேறு: செல்லுபடியாகும் ஃபாஸ்டேக்கில் பணம் இருந்தும் சாவடியின் கருவி பழுதானால், 2018 திருத்தத்தின்படி வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும். அங்கே இழப்பு கருவி வைத்தவருக்கு. சந்தையில் அது முடியாது. ஆடு மூன்றாமவரின் சொத்து. ஆனாலும் கெடு முடியும்வரை முழுத்தொகையையும் முடக்கி, காத்திருப்பின் சுமையை வாங்குகிறவர் தலையில் வைப்பது நியாயமில்லை. இழப்பீடு கெடுவுக்குப் பிறகே தொடங்குவது விதியின் பலவீனம்.

தீர்ப்பு இதுதான். அடையாள எண் முதலிடம். நிலை விசாரிப்பு அடுத்தது. இடைவெளி கூடும் மறுமுயற்சி மூன்றாவது. கெடுவும் கீப் அலைவும் கடைசி. பல நிரல்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. சோதனையும் எளிது: சேவையகம் பணத்தைக் கழித்த பிறகு, பதில் புறப்படும் முன், இணைப்பை வெட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள். பணம் இரண்டு முறை போனால் அந்த நிரலை வெளியிடாதீர்கள்.