பெட்டிக்குக் காசு உண்டு, செய்திக்கு இல்லை

‘தூர்தர்ஷனை யாரு பாக்குறா? அதுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?’ ராயபுரம் டீக்கடையிலும் கேட்கலாம், ஃபேஸ்புக்கிலும் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் அதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன: பணம் யார் தருவது? பேச்சை யார் கட்டுப்படுத்துவது?

சென்னைக்கு இது பழைய தலைவலி. 1924இல் தொடங்கிய மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப், 1927இல் காசில்லாமல் நின்றது. 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பைக் கையிலெடுத்தது. பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ வாங்க முடியாதவர்களும் நின்று கேட்டார்கள். 1938இல் அகில இந்திய வானொலி வந்தது, கடிவாளம் தில்லிக்குப் போனது.

அப்புறம் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டினோம். 1980களில் அது ஒழிந்தபோது யாரும் வருத்தப்படவில்லை. லைசென்ஸ் கட்டினதால் வானொலி நம்முடையதாகிவிடவும் இல்லை. எமர்ஜென்சியில் அது அரசின் குரலாகத்தான் பேசியது. ஆகவே, ‘மக்களே காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிடும்’ என்பதும் பாதி உண்மைதான்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. 2006க்குப் பிறகு அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது. பெட்டிக்கும் வயருக்கும் பொதுப்பணம் போவதை நாம ஏத்துக்கிட்டோம். அந்தப் பெட்டிக்குள் வரும் செய்தியை மட்டும் விளம்பரக்காரரிடமும் கட்சிக்காரரிடமும் விட்டுவிட்டோம்.

விளைவை எண்ணூரில் பாருங்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்தது. அந்த நாட்களில் கேமராக்கள் வந்தன. சுவாசம் சீரானதா, மீன்பாடு திரும்பியதா என்று மாதக்கணக்கில் பின்தொடர எந்த விளம்பரதாரருக்கு அக்கறை? மீனவருக்கான வானிலை அறிவிப்பிலும் லாபம் இல்லை. அதனால்தான் அதை வானொலி சொல்கிறது.

அதுக்காக இப்போதிருக்கும் பிரசார் பாரதிக்கு வக்காலத்து வாங்க முடியாது. 1990இல் சட்டம் போட்டு, 1997இல் தன்னாட்சி என்று பெயர் வைத்தார்கள். மானியம் இன்றும் அமைச்சகம் வழியாகவே வருகிறது. 2017 சுதந்திர தினத்துக்குத் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் தந்த உரையையே, மாற்றித் தரச் சொல்லி ஒலிபரப்ப மறுத்தவர்கள் அவர்கள்.

ஆக, ‘காசு கொடுக்காதே’ என்று சொன்னால் ஜெயிப்பது விளம்பரக்காரர்தான். பணம் அமைச்சர் கை படாமல், பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதியாகி வரணும். நிர்வாகக் குழுவில் காசிமேட்டுக்காரருக்கும் ஒரு நாற்காலி வேணும். வரிப்பணத்தைப் பற்றிக் கோபப்படுகிறவர்கள் இதைக் கேட்கட்டும்.