வழக்கறிஞருக்கு முன்பே எழுதப்படும் வாக்குமூலம்

அமெரிக்கப் பள்ளியொன்றில் மாணவனின் பையில் கத்தியோ துப்பாக்கியோ அகப்பட்டால், அவன்மீதான வழக்கு முதல்வரின் அறையிலேயே பாதி முடிந்துவிடுகிறது. பையைக் கொட்டிப் பார்ப்பது அங்கே; “இது யாருடையது?” என்று கேட்பதும் அங்கே. பயந்துபோன பிள்ளை எழுதித் தரும் நாலு வரி பிறகு நீதிமன்றத்தில் அவனுக்கு எதிரான சான்றாக வந்து நிற்கும். அரசு அமர்த்தும் வழக்கறிஞர் அவனைச் சந்திப்பதோ அதற்கெல்லாம் பிறகுதான். அந்நாட்டுச் சிறார் தற்காப்பு முறையின் பெரிய ஓட்டை இந்தத் தாமதம் என்றே கருதுகிறேன்.

முறையின் அருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாக அரிசோனாவில் பிடிபட்ட 15 வயதுச் சிறுவனை, 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளியில் அடைத்துவைக்கலாம் என்று உத்தரவானது. பெரியவர் ஒருவர் அப்படிப் பேசியிருந்தால் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறையோடு போயிருக்கும். கால்ட் என்ற அந்தச் சிறுவனின் வழக்கில்தான் 1967இல் உச்ச நீதிமன்றம், காவலில் அடைக்கப்படக்கூடிய சிறாருக்கு வழக்கறிஞர் உரிமை உண்டு என்றது.

ஆயுத வழக்குகளில் அந்த உரிமைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. துப்பாக்கி கொண்டுவந்த மாணவனைக் குறைந்தது ஓராண்டு நீக்கவேண்டும், காவல்துறைக்கோ சிறார் அமைப்புக்கோ தெரிவிக்கவேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. தனித்தனியாகப் பார்த்துத் தண்டனையைக் குறைக்க அதிலேயே இடமிருந்தும், பல மாவட்டங்கள் கத்திக்கும் அதே கடுமையை விரித்து, துளியும் பொறுப்பதில்லை என்று நின்றன. அங்கே வழக்கறிஞர் எழுப்பவேண்டிய முதல் கேள்வி, பொருள் இருந்தது பிள்ளைக்குத் தெரியுமா என்பது. டென்னசியில் காரில் நண்பன் விட்டுச்சென்ற கத்திக்காக ஒரு மாணவன் நீக்கப்பட்டான். தெரியாமல் வைத்திருந்தவனைத் தண்டிப்பதில் நியாயமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் சொன்னது. வர்ஜீனியாவிலோ, தற்கொலை எண்ணத்தில் இருந்த தோழியிடமிருந்து கத்தியை வாங்கித் தன் லாக்கரில் வைத்த எட்டாம் வகுப்பு மாணவனின் வழக்கு 2001இல் தோற்றது. கத்தி இருந்தது அவனுக்குத் தெரியுமே! ஓர் உயிரைக் காக்க நினைத்ததற்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. இதை வாசிக்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பள்ளிகளின் அச்சமும் பொய்யல்ல. 2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில், துப்பாக்கிப் படம் வரைந்த 15 வயது மாணவனின் பெற்றோரைக் காலையில் வரவழைத்துப் பேசினார்கள். பையைத் திறந்து பார்க்காமலே அவனை வகுப்புக்கு அனுப்பினார்கள். அன்றே அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டனர். ஆகவே பள்ளி ஊழியர் சோதனையிட நியாயமான சந்தேகமே போதும் என்ற 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சோதனை வேறு, விசாரணை வேறு. ஆயுதத்தைக் கைப்பற்றியதும் உடனடி ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மிச்சக் கேள்விகள் வழக்கறிஞர் வரும்வரை பொறுக்கலாம். காவலர் விசாரிக்கும்போது பிள்ளையின் வயதைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. முதல்வர் தனியே கேட்டாலோ அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் எட்டுவதில்லை.

வழக்கறிஞர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பென்சில்வேனியாவின் லூசர்ன் மாவட்டமே சாட்சி. கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு பள்ளிகளின் ஆதரவோடு கடுமை காட்டிய நீதிபதி சியவரெல்லாவின் முன் நின்ற சிறாரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வழக்கறிஞர் இல்லை. சிறாரை அடைக்கும் தனியார் காப்பகத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து அவருக்குப் பணம் வந்தது வெளிப்பட்டு, 2009இல் ஆயிரக்கணக்கான தீர்ப்புகள் ரத்தாயின. வழக்கறிஞர் வேண்டாம் என்று சிறார் எழுதிக்கொடுப்பதற்கு அம்மாநிலம் பிறகு கடிவாளம் போட்டது.

அந்தக் கடிவாளம் நீதிமன்றத்துக்கு மட்டுமே. பள்ளி நீக்க விசாரணையில் பிள்ளை வாய்திறந்தால் அதுவே சிறார் வழக்கில் சான்றாகலாம். மௌனமாக இருந்தால் படிப்பு போகலாம். வழிகாட்ட ஒரு வழக்கறிஞர் வேண்டுமென்றால், பெரும்பாலும் பெற்றோர்தான் பணம் கட்டியாகவேண்டும்.